ஒரே நாளில் ஓய்வு பெற்ற இருவர்

ஜூன் 30 வந்தால் எனக்கு 2023ஆம் வருடத்து வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வரும். அன்று தமிழகக் காவல்துறையில் டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவர்கள் ஓய்வு பெற்றார். அதே நாளில் கணியூரில் எங்கள் சின்னம்மா மகனும் ஓய்வு பெற்றான்.

சைலேந்திர பாபு குமரி மாவட்டத்துக்காரர். வேளாண்மை படித்து, 1987இல் ஐ.பி.எஸ். ஆனவர். கோவையில் கமிஷனராக இருந்ததால் நம் பக்கத்துக்கும் தெரிந்த முகம். 2022 ஜூனிலேயே அவருக்கு 60 வயது முடிந்துவிட்டது. ஆனால் மாநிலக் காவல் தலைவருக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், 2021இல் பதவியேற்றவர் 2023 ஜூன் 30 வரை இருந்தார். எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தில் அணிவகுப்பு மரியாதை. பிறகு அவர் ஏறிய காரை உயர் அதிகாரிகள் தேர் போல வடம் பிடித்து இழுத்து வழியனுப்பினார்கள். வெள்ளைக்காரர் காலத்து வழக்கம் என்பார்கள்.

தம்பி 1986இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவன். அன்று சின்னம்மா அழுதது. 1932இல் திருப்பூர் குமரன் தலையில் விழுந்த தடியைப் பற்றிக் கேட்டே வளர்ந்த தலைமுறை அல்லவா! 10 வருடத்தில் முதல்நிலை, அடுத்த 5இல் ஏட்டு, அதற்கும் 10 வருடம் கழித்து எஸ்.எஸ்.ஐ. என்று துறைக் கணக்குப்படியே ஏறினான். பொங்கல், தீபாவளி, தேர்த் திருவிழா எல்லாம் அவனுக்கு பந்தோபஸ்துதான். அவன் மகள் சடங்குக்குக்கூட மாமன் சீர் வந்து இறங்கிய பிறகுதான் யூனிஃபார்மோடு வந்து நின்றான்.

2021 ஜூலைக் கடைசியிலேயே டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு. நவம்பரில் அரசாணையும் வந்தது. வார ஓய்வு இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை. தம்பி அதற்குள் எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டான்!

"உனக்கு இல்லாமப் போச்சேடா" என்றேன். "போகட்டும்ங்ணா, எனக்குப் பின்னாடி வந்த பசங்க ஞாயித்துக்கிழமை புள்ளைகளோட இருப்பானுங்கல்ல" என்றான். அந்த அதிகாரியைப் பற்றி என்னென்னவோ பேசுவார்கள். தம்பிக்கு அவர் அந்தச் சுற்றறிக்கைதான்.

கார் இழுக்கும் வீடியோவை நான் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலம், அவன் கணியூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினான். கையில் சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், பாதி வாடிய மாலை. நானும் இரண்டு பேரன்களும் போய்ப் பையை வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணி வரை தூங்கினான். சின்னம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவனை எழுப்ப யாரையும் உள்ளே விடவில்லை.