ஐலண்ட் ட்ரீஸ் பள்ளியும் பதினொரு புத்தகங்களும்

நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்களாகக் கிடந்த சமவெளியில் 1947 முதல் 1951 வரை லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் 17,447 வீடுகளைக் கட்டியது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போன்ற வீடுகள். ஐலண்ட் ட்ரீஸ் என்று வழங்கிவந்த அந்த இடம் கட்டியவரின் பெயரால் லெவிட்டவுன் ஆயிற்று. பழைய பெயர் அங்குள்ள ஒரு பள்ளி மாவட்டத்திடம் தங்கிவிட்டது.

தொடக்ககால வாடகை ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. காக்கேசிய இனத்தவர் அல்லாத எவரும் அவ்வீட்டில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷரத்து நீங்கியது, நடைமுறை நீங்கவில்லை. வில்லியம் லெவிட் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கலாம், இனச்சிக்கலைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க இயலாது என்பது அவர் வாதம்.

இந்த ஷரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஐலண்ட் ட்ரீஸ் உயர்நிலைப் பள்ளியின் நூலகத்துக்குள் நாம் நுழையவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பலர் இதைச் செய்வதில்லை.

அமெரிக்கப் புறநகர்களில் அரசுப் பள்ளிகளை நடத்துவது ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. ஆகவே பள்ளி தங்களுடையது என்ற உணர்வு அங்கே வலுவானது. 1975 செப்டம்பரில் ஐலண்ட் ட்ரீஸ் வாரிய உறுப்பினர்கள் மூவர், பழமைவாதப் பெற்றோர் அமைப்பு ஒன்றின் மாநாட்டுக்குச் சென்று, ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியல்களோடு திரும்பினார்கள். நவம்பரில் ஓர் இரவு அவர்களில் இருவர் பள்ளி நூலகத்தின் அட்டைப் பட்டியலை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது நூல்கள் அங்கே இருந்தன. நடுநிலைப் பள்ளியில் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று.

பட்டியலைப் பார்த்தால் ஓர் இலக்கிய வாசகன் பொறாமைப்படுவான். கர்ட் வானகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்', ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்', பெர்னார்ட் மாலமட்டின் 'தி ஃபிக்ஸர்', எல்ட்ரிட்ஜ் கிளீவரின் 'சோல் ஆன் ஐஸ்', லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகள், ஹார்லெம் தெருக்களில் வளர்ந்த பிரி தாமஸின் தன்வரலாறு, ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதிய இளையோர் நாவல்... டெஸ்மண்ட் மோரிஸின் 'தி நேக்கட் ஏப்' போன்றவையும் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதினொன்றில் நான்கு கறுப்பின எழுத்தாளர்களுடையவை. வீடு வாங்கி அண்டையில் குடியேற முடியாதவர்கள் அவ்வூருக்குள் வந்து சேர்ந்திருந்த ஒரு வழி அந்த நூலக அலமாரி.

1976 பிப்ரவரியில் நூல்களை அகற்றும்படி வாரியம் வாய்மொழியாகப் பணித்தது. இதற்கென முறையான நடைமுறை இருக்கிறதே என்று கண்காணிப்பாளர் எழுத்தில் ஆட்சேபித்தார். அமெரிக்காவுக்கும் கிறித்துவத்துக்கும் யூதர்க்கும் எதிரானவை, ஆபாசமானவை என்று வாரியம் அறிக்கை விட்டது. யூதர் மீதான பொய்க் கொலைப்பழியை விவரிக்கும் மாலமட்டின் நாவலும் இந்தப் பட்டியலில்தான் இருந்தது! பின்னர் பெற்றோர் நால்வரும் பள்ளி ஊழியர் நால்வரும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஐந்து நூல்களை வைத்துக்கொள்ளலாம், இரண்டை நீக்கலாம் என்றது குழு; மற்றவற்றுள் சிலவற்றில் ஒருமித்த முடிவு இல்லை. வாரியம் அதைப் பெரும்பாலும் புறந்தள்ளி, ஒன்பது நூல்களை விலக்கியது. காரணம் கூறவில்லை.

1977 ஜனவரியில் ஐந்து மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்குப் பெயர் தந்தவர், மாணவர் மன்றத் தலைவராயிருந்த ஸ்டீவன் பிக்கோ. அமெரிக்காவுக்கு எதிரானது என்றால் என்ன, உதாரணம் கூறுங்கள் என்று வாரியத்தினரிடம் விசாரணைக்கு முந்தைய வாக்குமூலத்தில் கேட்கப்பட்டது. இருவர் சுட்டியது சில்ட்ரெஸின் நாவலை. ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. அது உண்மையல்ல என்று அவர்கள் சொல்லவில்லை. நாட்டின் நாயகனை அப்படிக் காட்டியதுதான் குற்றம்.

1982 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. கருத்துகள் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலகத்திலிருந்து நூல்களை அகற்றலாகாது என்றார் நீதிபதி பிரெனன். பாடத்திட்டம் வாரியத்தின் பொறுப்பு. நூலகமோ மாணவன் தானே தேடிச் செல்லும் இடம். ஆபாசம், கல்விக்குப் பொருந்தாமை ஆகியவற்றுக்காக அகற்றுவதற்கு அவர் இடம் விட்டார். மாறுபட்ட நீதிபதி பவல், நூல்களிலிருந்து ஆட்சேபகரமான பகுதிகளைத் தம் தீர்ப்புக்குப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பள்ளி அலமாரிக்குத் தகாது எனப்பட்ட வரிகள் இவ்வாறு சட்ட நூலகங்களுக்குள் நிரந்தரமாகக் குடியேறின.

பிரெனனின் கருத்துக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை என்பது அதிகம் கவனிக்கப்படாத செய்தி. ஐந்தாமவரான நீதிபதி வொயிட், முதலில் விசாரணை நடக்கட்டும், அரசியல் சாசனக் கேள்வி பிறகு, என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. டெக்சாஸின் லானோ மாவட்டப் பொது நூலகம் தொடர்பான வழக்கில், நூலக நூல்களைக் குறித்து அத்தகைய உரிமை வாசகர்க்கு இல்லை என்று 2025 மே மாதம் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வொயிட் கேட்ட விசாரணை நடக்கவேயில்லை. நடந்திருந்தால் அந்தப் பதினொன்றை ஏன் தேர்ந்தார்கள் என்று கூண்டிலேறிச் சொல்ல நேர்ந்திருக்கும். 1982 ஆகஸ்டில் வாரியம் நூல்களைத் திருப்பித்தர வாக்களித்தது. அவற்றை எடுக்கும் மாணவரின் பெற்றோருக்கு நூலகர் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்ற நிபந்தனையுடன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நிபந்தனையும் போயிற்று. பிக்கோ அப்பள்ளியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.