முதலாண்டு மதிப்பெண்ணும் மருத்துவமனைக் கதவும்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு மாணவர் உடற்கூற்றியல் தேர்வில் சறுக்கி விடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் அவர் தேறிக் கொள்கிறார். வார்டுகளில் நோயாளிகளிடையே பழகி, நல்ல மருத்துவர் என்று பெயரும் எடுக்கிறார். படிப்பு முடியும் தறுவாயில் ஒரு பெரிய மருத்துவமனையில் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பழைய மதிப்பெண் அவர் வழியை மறித்து நிற்குமா?

நம் நாட்டில் இக்கேள்விக்கு அதிக இடமில்லை. முதுநிலை மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வின் தரவரிசையே பெரிதும் வழி திறக்கிறது, எம்.பி.பி.எஸ். முதலாண்டில் என்ன மதிப்பெண் வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலைமை வேறு. அங்கு மருத்துவமனையில் தங்கிச் சில ஆண்டுகள் பெறும் சிறப்புப் பயிற்சிக்கு ரெசிடென்சி என்று பெயர். அதற்கு ஆள் எடுப்பவர்கள் கல்லூரிப் பதிவேடு, பேராசிரியர்களின் கடிதங்கள், நேர்முகப் பேட்டி ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆகவே நாம் எழுப்பிய கேள்விக்கு அங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. காலத்துக்குக் காலம் விடையும் மாறி வந்திருக்கிறது. ஏன் மாறியது என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

ஆய்வகமும் வார்டும்

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ஆம் ஆண்டிலும், அதன் மருத்துவக் கல்லூரி 1893-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூற்றியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் போன்ற அடிப்படைப் பாடங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் வார்டுகளில் நேர்ப் பயிற்சி. பட்டம் பெற்றவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் மருத்துவமனையிலேயே தங்கி, வில்லியம் ஆஸ்லரிடம் பொது மருத்துவமும், வில்லியம் ஹால்ஸ்டெடிடம் அறுவை மருத்துவமும் பயின்றார்கள். ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த ஹாப்கின்ஸ் முறையையே யாவர்க்கும் முன்மாதிரியாகக் காட்டிற்று.

வகுப்பில் முன்னணியில் நின்றவர்களுக்கே அம்மருத்துவமனையில் இடம் கிடைத்தது. இதில் ஒரு நன்மையும் இருந்தது. பெண்கள் மருத்துவராவதைப் பலர் ஏளனம் செய்த காலம் அது. 1900-இல் பட்டம் பெற்ற ஃபுளோரன்ஸ் சேபின், டோரதி ரீட் என்னும் இரு பெண்மணிகளும் முன்னணியில் தேறியிருந்ததால், அவர்களை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ஆஸ்லரின் கீழ்ப் பணியாற்றினார்கள். ரீட் அம்மையார் 1902-இல் ஹாட்ஜ்கின் நோயில் காணப்படும் தனித்தன்மை வாய்ந்த அணுவை விவரித்துப் புகழ் பெற்றார். சேபின் அம்மையார் 1917-இல் அக்கல்லூரியின் முதல் பெண் பேராசிரியரானார்.

அதே கல்லூரியில் 1897-இல் சேர்ந்தவர் ஜெர்ட்ரூட் ஸ்டைன். தொடக்க ஆண்டுகளில் அவருடைய படிப்பில் குறையில்லை. வார்டுப் பயிற்சி வந்தபோது ஆர்வம் குன்றி, 1901-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னாளில் பாரிஸ் நகரில் எழுத்தாளராக விளங்கினார். ஆய்வகத்தில் வென்றவர் அனைவரும் வார்டிலும் வெல்வார் என்பதற்கு உறுதியில்லை என்பது இதனால் விளங்கும்.

பந்தயம் பின்னோக்கி ஓடியது

அடுத்து வந்த ஆண்டுகளில், பட்டம் பெற்றவுடன் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி பெறுவது வழக்கமாகி விட்டது. நம்மூரில் ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது இது. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. மாணவர்களின் எண்ணிக்கையை விட மருத்துவமனைகளில் இருந்த இடங்கள் அதிகம்! நல்ல மாணவரை அடுத்த மருத்துவமனை கொண்டு போவதற்குள் நாமே பிடித்து விடுவோம் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் முந்தியது. நான்காம் ஆண்டின் இறுதியில் நடக்க வேண்டிய தேர்வு மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, 1944 அளவில் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்துக்கே வந்து விட்டது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாணவரைப் பற்றி மருத்துவமனைக்கு என்ன தெரியும்? அவர் இன்னும் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகவில்லை. கையில் இருப்பவை முதல் இரண்டு ஆண்டு மதிப்பெண்கள் மட்டுமே. நல்ல மருத்துவரை அவை காட்டிக் கொடுக்கும் என்று எவரும் நிறுவியதால் அவை முக்கியத்துவம் பெறவில்லை. வேறு சான்று பிறப்பதற்கு முன்பே ஆளைத் தேர்ந்தெடுத்ததால் முக்கியத்துவம் பெற்றன. நம் கேள்விக்கு விடை காணும் திறவுகோல் இதுதான்.

கல்லூரிகள் 1945-இல் ஒரு முடிவுக்கு வந்தன. குறிப்பிட்ட நாளுக்கு முன் மாணவரின் மதிப்பெண் பட்டியலையோ பரிந்துரைக் கடிதத்தையோ எவருக்கும் தருவதில்லை என்று உறுதி பூண்டன. மதிப்பெண் பூட்டி வைக்கப்பட்டதும் பந்தயம் நின்றது. ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. இடம் தருவதாகச் சொன்ன மருத்துவமனைகள் உடனே பதில் கேட்டு மாணவர்களை நெருக்கின. 1945-இல் யோசிக்க 10 நாள் அவகாசம் இருந்தது. 1949-இலோ 12 மணி நேரம் கொடுப்பதே அதிகம் என்று மருத்துவமனைகளின் சங்கம் மறுத்து விட்டது.

இக்குழப்பத்துக்கு 1952-இல் முடிவு காணப்பட்டது. மாணவர்கள் தாம் விரும்பும் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் தாம் விரும்பும் மாணவர்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்க, ஒரு பொது நிலையம் இரண்டையும் பொருத்தி முடிவை ஒரே நாளில் அறிவித்தது. இதனால் தேர்வு மீண்டும் இறுதியாண்டுக்கு வந்தது. முதலாண்டு மதிப்பெண்ணோடு மூன்றாமாண்டு வார்டுப் பணியையும் பேராசிரியரின் கருத்தையும் பார்க்க வழி பிறந்தது. இப்படிப் பொருத்தும் கணக்கின் தத்துவத்தை ஆராய்ந்த லாய்ட் ஷாப்லியும் ஆல்வின் ரோத்தும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஒற்றை எண்ணின் ஆட்சி

இதற்கிடையே மதிப்பெண்ணையே ஒழிக்க முயன்றவர்களும் உண்டு. யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மில்டன் விண்டர்நிட்ஸ் தலைவராக இருந்த காலத்தில், தரவரிசை இன்றி மாணவர் தாமே பொறுப்பேற்றுப் பயிலும் முறை உருவாயிற்று. பிற்காலத்தில் பல கல்லூரிகள் தொடக்க ஆண்டுகளுக்குத் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே முடிவுகளை வைத்துக் கொண்டன. இன்று பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இதுவே வழக்கம்.

அப்படியானால் தொடக்க ஆண்டுகளின் சுமை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை, அது இடம் மாறியது. மருத்துவத் தொழில் நடத்த உரிமம் தரும் நாடு தழுவிய தேர்வு 1992-இல் புது வடிவம் பெற்றது. அதன் முதற் படியை மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் இறுதியில் எழுதினார்கள். கேள்விகள் அடிப்படைப் பாடங்களிலிருந்து வந்தன. முடிவு மூன்றிலக்க எண்ணாகக் கிடைத்தது. உரிமம் தரலாமா, கூடாதா என்று அறிய ஏற்பட்ட தேர்வு அது. ஆயினும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சலிக்க வேண்டியிருந்த மருத்துவமனைகளுக்கு அந்த எண் கைவசமான சல்லடையாகப் பயன்பட்டது. ஒரு கல்லூரி தாராளமாக மதிப்பிடும், மற்றொன்று கறாராக மதிப்பிடும். இந்த எண்ணோ யாவர்க்கும் பொது. அந்நாட்டில் பயிற்சி தேடிச் சென்ற இந்திய, இலங்கை மருத்துவர்களுக்கும் தம் திறமையை மெய்ப்பிக்க அது ஒரு வாய்ப்பாக இருந்தது.

ஆனால் அதில் ஓர் இடரும் இருந்தது. தேறி விட்டவர் எண்ணை உயர்த்திக் கொள்ள மறுமுறை எழுத முடியாது. அதே மாணவர் வேறொரு நாளில் எழுதியிருந்தால் சில புள்ளிகள் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். அந்தச் சில புள்ளிகளுக்காக மாணவர்கள் வகுப்பை விட்டு விட்டு வினா வங்கிகளில் மூழ்கினார்கள். இறுதியில், 2022 சனவரி 26 முதல் இந்த முதற் படிக்கும் எண் தருவது நிறுத்தப்பட்டது. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே அறிவிக்கப்படுகிறது.

இன்றைய விடை

இன்று மருத்துவமனைகள் மூன்றாம் ஆண்டு வார்டுப் பயிற்சியின் தரம், உரிமத் தேர்வின் இரண்டாம் படியில் கிடைக்கும் எண், பரிந்துரைக் கடிதங்கள், கல்லூரித் தலைவர் எழுதும் மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றையே பெரிதும் நோக்குகின்றன. தொடக்க ஆண்டில் சற்றுக் குறைவாகப் பெற்ற மதிப்பெண் தனியாக நின்று கதவை அடைப்பது அரிது. எனினும் தோல்வி வேறு. ஒரு பாடத்தில் தோற்றாலும் உரிமத் தேர்வில் தோற்றாலும் அது பதிவேட்டில் நிற்கும். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். மேலும் சில கல்லூரிகள் தேர்ச்சி என்று மட்டும் வெளியே சொன்னாலும், உள்ளே தரவரிசை வைத்திருக்கின்றன. அக்கல்லூரிகளில் படிப்பவர் அதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

ஆனால் சுமை முற்றும் மறைந்து விட்டது என்று எண்ணி விடாதீர்கள். முதற் படியின் எண் போனதும் இரண்டாம் படியின் எண்ணுக்கு மதிப்புக் கூடியது. சல்லடை ஓராண்டு பின்னே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சேபின், ரீட் ஆகியோரை நினைத்துப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். சிபாரிசு இல்லாதவருக்கு மதிப்பெண் ஒரு கேடயமாகவும் இருந்திருக்கிறது. எண்ணை நீக்கும்போது அந்த இடத்தில் பெரிய கல்லூரியின் பெயரும் பெரிய மனிதரின் கடிதமும் வந்து அமர்ந்து விடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே! முதலாண்டில் சறுக்கியவர் மனம் உடைய வேண்டியதில்லை. அந்த மதிப்பெண்ணுக்குப் பெரும் மதிப்பு இருந்த காலங்களில்கூட, தேர்ந்தெடுக்க அவசரப்பட்டவர்களும் சல்லடை தேடியவர்களும் கொடுத்த மதிப்பே அது என்பதைக் கண்டோம். ஆனால் அந்த ஆண்டின் பாடத்தை மட்டும் விட்டு விடாதீர்கள். சிறுநீரகம் உப்பை எவ்வாறு காக்கிறது என்று அன்று புரியாமல் விட்டதை, இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வரும் நோயாளி மறுபடியும் கேட்பார். அப்போது உங்கள் மதிப்பெண் பட்டியலை யாரும் பார்க்கப் போவதில்லை. உங்களுக்கு அது புரிந்திருக்கிறதா என்பதையே அந்த நோயாளியின் உயிர் நம்பியிருக்கும்.