மெக்கிளெஸ்கி எதிர் கெம்ப்

மரண தண்டனையில் நிறவேற்றுமை பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்த வழக்கு இது. 5–4 என்ற பெரும்பான்மையில், ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் முடிவானது.

1978-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் ஒரு மரச்சாமான் கடையில் நால்வர் கொள்ளையடித்தபோது, அங்கு விரைந்து வந்த வெள்ளைக்காரக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். நால்வரில் வாரன் மெக்கிளெஸ்கி என்ற கறுப்பருக்கு மட்டும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரை விசாரித்த ஜூரிகளில் 11 பேர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர்.

அம்மாநிலத்தின் மரண தண்டனை முறை தாறுமாறானது என்று 1972-இல் ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. பிறகு அம்மாநிலம் திருத்தி எழுதிய சட்டத்தை 1976-இல் கிரெக் வழக்கில் ஏற்றுக்கொண்டது. திருத்தத்துக்குப் பிறகு நிலைமை உண்மையிலேயே மாறியதா என்பதைத்தான் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பால்டஸும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். 1970-களில் ஜார்ஜியாவில் நடந்த 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து, குற்றத்தின் கொடூரம், முந்தைய குற்றங்கள் என நிறத்தோடு தொடர்பில்லாத 230 காரணிகளைக் கணக்கில் கொண்டார்கள். அவற்றில் 39 காரணிகளைக் கழித்துப் பார்த்த ஒரு பகுப்பாய்விலும், வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரைவிட 4.3 மடங்காக இருந்தது. காரணிகளைக் கழிக்காத நேரடிக் கணக்கு இன்னும் கடுமையானது. கறுப்பர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் 22 விழுக்காட்டில் மரண தண்டனை. கறுப்பரே கறுப்பரைக் கொன்றவற்றில் 1 விழுக்காடு. இந்த இடைவெளி ஜூரியிடம் வருவதற்கு முன்பே, அரசு வழக்கறிஞரின் மேசையில் தொடங்கிவிடுகிறது: முதல் வகை வழக்குகளில் 70 விழுக்காட்டில் அவர்கள் மரண தண்டனை கேட்டார்கள், இரண்டாம் வகையில் 15 விழுக்காட்டில். கொன்றவரின் நிறத்தைவிடக் கொல்லப்பட்டவரின் நிறமே அதிகம் எடைபோடப்பட்டது. கறுப்பர் உயிரின் மதிப்பைக் குறைத்துப் பார்த்த நீதிமுறை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வையே மெக்கிளெஸ்கி தரப்பு சான்றாக முன்வைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஆய்வு சரியானது என்றே வைத்துக்கொண்டு வழக்கைப் பரிசீலித்தார். ஆனால், மெக்கிளெஸ்கியின் வழக்கில் முடிவெடுத்தவர்கள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். இந்த வாதத்தை ஏற்றால் மற்றக் குற்றங்களுக்கான தண்டனைகளும் கேள்விக்குள்ளாகும் என்றும் கவலைப்பட்டார். நீதி அளவுக்கு மீறிப் போய்விடுமோ என்ற அச்சம் இது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி வில்லியம் பிரென்னன் சாடினார். சாடியது நியாயமே. மனத்தில் இருப்பதை எந்த வழக்கறிஞரும் ஜூரியும் எழுதிவைப்பதில்லை. அத்தகைய சான்றைக் கேட்பது கதவை அடைப்பதற்குச் சமம்.

மெக்கிளெஸ்கி 1991 செப்டம்பர் 25 அன்று மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், ஓய்வு பெற்றிருந்த பவல், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் இந்த வழக்கில் தன் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்.

உச்ச நீதிமன்றத்தில் கிடைக்காத வழியைச் சில மாநிலங்கள் தேடின. கென்டக்கி 1998-இலும் வட கரோலினா 2009-இலும் இன நீதிச் சட்டம் இயற்றின. வட கரோலினா 2013-இல் அதை ரத்து செய்துவிட்டது. மரண தண்டனை இனப் பாகுபாட்டோடு விதிக்கப்படுகிறது என்று 2018-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2020-இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டப்படி, பாகுபாடு வேண்டுமென்றே காட்டப்பட்டதாக நிரூபிக்கத் தேவையில்லை. புள்ளிவிவரத்தையும் சான்றாக முன்வைக்கலாம்.