கொசு வளர்த்த நீச்சல்குளங்கள்

கவனிப்பாரற்றுப் பச்சையாகிப்போன வீட்டு நீச்சல்குளத்தைச் சரிசெய்வது பெருஞ்செலவு என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியிருக்கிறது. அதற்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. குளத்து நீர் அக்கம்பக்கத்துக்குத் தீங்கு செய்யாமல் பார்ப்பது ஒன்று. அதைக் குளிக்கத் தகுந்ததாக ஆக்குவது இன்னொன்று. முதல் வேலை எப்போதுமே மலிவுதான். இரண்டாவதுதான் பணத்தை விழுங்குகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த நாட்டுக்கு ஒரு கடன் நெருக்கடி தேவைப்பட்டது.

குளோரின் வருமுன் பொதுக் குளங்களில் நீரை நிரப்புவார்கள். அழுக்கேறியதும் திறந்துவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புவார்கள். மருந்துச் செலவு இல்லை, ஆனால் தண்ணீரும் கூலியும் தாராளமாக வேண்டும். நகராட்சிக்குக் கட்டுப்படியான இந்த முறை தனி வீட்டுக்கு ஒத்துவராது. 1910 வாக்கில் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரினைச் சோதித்துப் பார்த்தார்கள். அதே நீரை வடிகட்டி, மருந்திட்டு, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றான பிறகே கொல்லைப்புறக் குளம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்சி தரும் கணக்குப்படி, 1950இல் தரையில் பதித்த குளம் வைத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் சுமார் 2,500. 1999இல் 40 லட்சத்துக்கும் மேல். ஆனால் மோட்டார் ஓடி மருந்து விழும் வரைதான் நீர் தெளிவாக இருக்கும். குளோரினை வெயில் தின்றுவிடும். மின்சாரம் நின்றால் கோடையில் சில வாரங்களிலேயே பாசி படியும். பின்னாலேயே கொசு வரும்.

2007இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இதுதான் நடந்தது. வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் மக்கள் வெளியேற, குளங்கள் அனாதையாயின. வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்த குளங்களில் 17 சதவீதம் பச்சையாக இருந்தன. அந்தக் கோடையில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டவர்கள் முந்தைய ஆண்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பழியை முழுக்கக் குளங்கள்மேல் போடலாமா என்று கேட்கலாம். போட முடியாது. கொசுவுக்கு வேறு நீர்நிலைகளும் உண்டு. ஆய்வாளர்களும் தொடர்பைச் சுட்டிக்காட்டினார்களே தவிர, ஒற்றைக் காரணம் என்று சாதிக்கவில்லை. ஆனாலும் வீடுகளுக்கு நடுவே பூட்டிய கதவுக்குப் பின்னால் தேங்கிய நீர், வயல்வெளிக் குட்டையைவிட மனிதருக்கு நெருக்கமானது என்பதை மறுக்க முடியாது.

கொசு ஒழிப்பு அலுவலகங்கள் இந்தக் குளங்களைத் தெளியவைக்க முயலவில்லை. கம்பூசியா மீன்களை விட்டன. 1922இல் டெக்சஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த இந்தச் சிறு மீன் கொசுப்புழுவைத் தின்னும். சென்னையின் கிணறுகளில் மாநகராட்சி விடுவதும் இதே இனம்தான். மின்சாரமும் மருந்தும் இல்லாத குளத்திலும் அது பிழைத்துக்கிடக்கும். இதற்கு வலுவான ஆட்சேபம் உண்டு: ஓடைகளுக்குத் தப்பிய கம்பூசியா உள்நாட்டு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் அழிக்கிறது. உண்மை. அதனால்தான் இயற்கை நீர்நிலைகளில் அதைத் தன்னிச்சையாக விடுவது கலிபோர்னியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நான்கு பக்கமும் சுவர் கட்டிய குளத்தில் அந்த ஆபத்து குறைவு. நீரை வடிக்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். மீன் பாசியைப் போக்காது என்பதும் சரியே. அதன் வேலை அவகாசம் வாங்கித் தருவது.

அப்படியானால் குளத்தையே காலி செய்துவிட்டால் என்ன? நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் வெறும் தொட்டியைக் கீழிருந்து நீர் தூக்கிவிடும், கான்கிரீட் வெடிக்கும். நீரை வைத்துக்கொண்டே சீர்செய்ய விரும்புகிறவருக்கும் செலவைக் கட்டுப்படுத்துவது வேலையின் வரிசைதான். முதலில் இலைதழையையும் சேற்றையும் வாரி, சுவரைத் தேய்த்து, வடிகட்டியைக் கழுவி, அதற்குப் பிறகு மாலையில் குளோரின் போட வேண்டும். குப்பையோடு போட்டால் மருந்து குப்பைக்கே தீர்ந்துவிடும். கடைக்காரருக்கு மட்டும்தான் அதில் ஆதாயம். 2008இல் கலிபோர்னியா இயற்றிய சட்டமும் ஜப்தியான காலி வீடுகளின் உடைமையாளர்களிடம் தெளிந்த நீரைக் கேட்கவில்லை. தேங்கிய நீரில் கொசுப்புழு வளராமல் தடுக்கச் சொன்னது. அறிவிப்புக்குப் பிறகும் தவறினால் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம். வங்கியே வீட்டை எடுத்திருந்தால் அதைக் கட்ட வேண்டியதும் வங்கிதான்.