திருவனந்தபுரத்தில் கௌடில்யர்

பன்னாட்டு அரசியல் படிக்கப் போகும் மாணவருக்கு முதல் சில வகுப்புகளிலேயே இரண்டு கட்சிகள் அறிமுகமாகிவிடும். நாடுகளுக்கு மேலே தட்டிக் கேட்க ஆளில்லை, ஆகவே அவரவர் பலமே அவரவருக்குத் துணை என்பது யதார்த்தவாதம். வணிகமும் ஒப்பந்தங்களும் மக்களாட்சியும் பெருகப் பெருகப் போருக்கான தேவை குறையும் என்பது தாராளவாதம். முதல் கட்சிக்குக் கிரேக்கத்துத் தூசிடைடீஸ், இத்தாலியின் மாக்கியவெல்லி; இரண்டாவதற்கு ஜெர்மனியின் கான்ட் என்று பாடநூல்கள் முன்னோர்களை வரிசைப்படுத்தும். அந்த வரிசையில் திருவனந்தபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை வாங்கிக் கொடுத்தவர் ஒரு திருநெல்வேலிக்காரர்.

கதை அர்த்தசாஸ்திரத்தில் தொடங்குகிறது. எல்லையை ஒட்டிய அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அடுத்த எல்லைக்காரன் நமக்கு நண்பன் என்று கௌடில்யர் போட்ட வட்டக் கணக்கை இன்றைய யதார்த்தவாதிகள் தங்கள் பாட்டன் சொத்தாகவே கொண்டாடுவார்கள். ஆனால் நூல் நெடுங்காலம் கண்ணில் படாமலே கிடந்தது. மற்ற நூல்களின் மேற்கோள்களில் பெயர் மட்டும் வந்து போகும். கேரளத்திலோ, ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில், யாரோ ஒருவர் அதற்குப் பழைய மலையாளத்தில் உரை எழுதிவைத்தார். பாஷா கௌடலீயம் என்ற அந்த உரை நூலின் முதல் ஏழு அதிகரணங்களுக்கு, அதாவது பெரும்பிரிவுகளுக்குத்தான், கிடைக்கிறது. நல்லவேளையாக அயலுறவைப் பேசும் முக்கியமான பகுதிகள் அந்த ஏழுக்குள்ளேயே அடங்கிவிட்டன. மழையும் கரையானும் ஓலையைத் தின்னும் நாட்டில் ஒரு நூல் பிழைக்க வேண்டுமானால், சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுத்தாக வேண்டும். பெயர் தெரியாத அந்தப் படியெடுப்போரை நான் உரையாசிரியருக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

எதிர்க்கட்சியின் முதல் ஏடு பிறந்ததும் சுவையான கதைதான். 1795இல் கான்ட் எழுதிய சிறு நூலின் தலைப்பு ‘நிரந்தர அமைதி’. ஒல்லாந்து நாட்டு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் கல்லறைத் தோட்டத்தை வரைந்து, அதற்கு மேலே எழுதியிருந்த வாசகம் அது என்று கான்டே முதல் வரிகளில் சொல்கிறார். செத்தால்தான் அமைதி என்ற விடுதிக்காரரின் குறும்பைத் தலைப்பாக்கி, உயிரோடு இருக்கும்போதே அதை அடைய வழி சொன்னார்: குடியரசுகள், அவற்றின் கூட்டமைப்பு, அயலாரை விருந்தினராக நடத்தும் உரிமை.

1905இல் இரு கதைகளும் நெருங்கத் தொடங்கின. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்தில் கொடுத்தார். நூலகர் ஷாமசாஸ்திரி அது அர்த்தசாஸ்திரம் என்று கண்டறிந்து 1909இல் அச்சிட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் செய்தி மியூனிக் வரை போய்விட்டது. 1919இல் அங்கே உரையாற்றிய மாக்ஸ் வெபர், கௌடில்யர் பக்கத்தில் வைத்தால் மாக்கியவெல்லி வெறும் சாது என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டில், வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகரில், உலகப் போரில் மடிந்த மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற செல்வர் பன்னாட்டு அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவியை நிறுவினார். தாராளவாதக் கனவுக்காக, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் பெயரில் வந்த பதவி அது. 1936இல் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்த ஈ. எச். கார், மூன்றே ஆண்டில் அந்தக் கனவைத் தாக்கி ஒரு நூல் எழுதினார்!

இதற்கிடையே திருவனந்தபுரத்தில், திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி சுவடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வடமொழி நாடகாசிரியர் பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்து வெளியிட்டு ஏற்கெனவே புகழ் பெற்றவர். 1924, 1925 ஆண்டுகளில் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் அர்த்தசாஸ்திரத்தை மூன்று பகுதிகளாகக் கொண்டுவந்தார். மைசூர்ப் பதிப்பில் புரியாமல் நின்ற இடங்களை அந்தப் பழைய மலையாள உரையின் துணையோடு விளக்கி, ‘ஸ்ரீமூலம்’ என்ற உரையையும் சேர்த்தார். அடுத்த ஆண்டே, 1926இல் காலமானார்.

அந்தப் பதிப்பின் ஏழாம் அதிகரணத்தைத் திறந்தால், முரட்டு யதார்த்தவாதியென்று பெயரெடுத்த கௌடில்யர் வேறு முகம் காட்டுகிறார். போராலும் சமாதானத்தாலும் ஒரே பலன் கிடைக்குமென்றால் சமாதானத்தையே தேர்ந்துகொள் என்கிறார். போரில் ஆளிழப்பு, செலவு, ஊரை விட்டு அலைச்சல், வேறு கெடுதல்கள். சத்தியத்தை நம்பிச் செய்த உடன்படிக்கை நிலைக்காது, பிணையாள் வாங்கினால்தான் நிலைக்கும் என்று முந்தைய ஆசிரியர்கள் சொன்னார்கள். கௌடில்யர் மறுக்கிறார். சத்தியம் இம்மைக்கும் மறுமைக்கும் நிற்கும்; பிணை இம்மைக்கு மட்டும், அதுவும் பலத்தைப் பொறுத்தது என்கிறார். வாக்கு நாடுகளைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியை இரு கட்சிகளும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கின்றன.

அந்த விவாதம் 1947இல் திருவனந்தபுரத்து அரண்மனைக்கே வந்தது. திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1920களில் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தவர். ஜூன் 11 அன்று அவர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். கையில் ஒரு துருப்புச் சீட்டும் இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். மணவாளக்குறிச்சிக் கரையின் அந்த மணலில் இருக்கும் தோரியத்துக்கு, ஹிரோஷிமாவுக்குப் பிறகு வல்லரசுகளிடம் தனி மதிப்பு. கடல், துறைமுகம், தோரியம், டெல்லிக்கு எதிரான பாகிஸ்தானின் நட்பு: வட்டக் கணக்கின்படி எல்லாம் சரியாகவே இருந்தது.

கணக்கில் விடுபட்டவர்கள் உள்ளூர் மக்கள். நாட்டை ஒரே உருண்டையாகப் பார்க்கும் யதார்த்தவாதத்தின் மீது தாராளவாதிகள் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டும் இதுதான். முந்தைய ஆண்டு புன்னப்புரை வயலாரில் திவான் ஆட்சியை எதிர்த்து எழுந்து சுடப்பட்டவர்களின் கோபம் ஆறவில்லை. ஜூலை 25 அன்று சுவாதித் திருநாள் சங்கீத அகாதமி நிகழ்ச்சியிலிருந்து கிளம்பும்போது சி. பி. வெட்டப்பட்டார். உயிர் தப்பினார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். ஆகஸ்டில் திவான் பதவி விலகினார். வறுமைப்பட்ட குடிகள் பேராசை கொள்வர், பிறகு வெறுப்படைவர், வெறுப்படைந்தவர்கள் பகைவன் பக்கம் போவர் அல்லது தலைவனைத் தாங்களே கொல்வர் என்று கௌடில்யர் எச்சரித்திருப்பதும் அதே ஏழாம் அதிகரணத்தில்தான். அது அதே நகரத்தில் அச்சாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.