கமிலாவின் கையுறை

சங்கிலி குண்டு எறிதல்னா ஆம்பளைங்க சமாச்சாரம்னே ரொம்ப காலம் வெச்சிருந்தாங்க மக்களே. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1900லேயே வந்தாச்சு. பெண்களுக்கு? 2000 சிட்னியில்தான்! முழுசா நூறு வருஷம். இத்தனைக்கும் பெண்கள் வீசுற குண்டு 4 கிலோதான், ஆண்களுடையது 7.26.

அந்த முதல் தங்கத்தை வாங்கினது போலந்துப் பொண்ணு கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா. வயசு 17. தூரம் 71.16 மீட்டர். 70 மீட்டரை முதன்முதலில் தாண்டிய ரஷ்யாவின் ஓல்கா குசென்கோவாவுக்கே அன்னிக்கு வெள்ளிதான்.

பதினேழு வயசுல உச்சிக்குப் போயிட்டா அப்புறம் எங்கே போறது? உலக சாம்பியன்ஷிப் பதக்கம் கமிலாவுக்குக் கடைசி வரை கிடைக்கல. 2005ல் துருக்கியின் இஸ்மிர் நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி நடந்தது. ஒலிம்பிக் சாம்பியனுக்கு மாணவர் போட்டி எதுக்குன்னு தோணலாம். எனக்கென்னவோ அந்தத் தங்கத்துக்குத்தான் மரியாதை அதிகம். அஞ்சு வருஷம் கழிச்சும் விடாம வீசி ஜெயிச்சது ஆச்சே.

2009 பிப்ரவரியில் போர்ச்சுகலில் பயிற்சி முகாம். அங்கேயே கமிலா இறந்துட்டாங்க. நுரையீரலில் ரத்தக்கட்டி. 26 வயசு.

அவங்க கையுறையைப் போட்டுக்கிட்டு வீச ஆரம்பிச்சாங்க அவங்க நாட்டு அனிதா வ்லோடார்சிக். 2016 ரியோவில் 82.29 மீட்டர், தங்கம், உலக சாதனை. பதிமூணே நாள்ல வார்சாவில் கமிலா நினைவுப் போட்டி. அங்கே அனிதா வீசினது 82.98.