மாணவர்களின் கருவில் உருவாகி விமர்சகர்களை வென்ற ‘போர்ட்டல் 2’

மும்பை: அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட ‘போர்ட்டல் 2’, வீடியோ கேம் வரலாற்றில் மிக உயர்ந்த மதிப்பீடுகளைப் பெற்ற இரண்டாம் பாகங்களில் ஒன்றாகும். விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் வழங்கும் மெட்டாகிரிடிக் தளத்தில் இது 100-க்கு 95 மதிப்பெண் பெற்றது. இதன் இரு பாகங்களிலும் கல்லூரி மாணவர்களின் யோசனைகள் இடம்பெற்றுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

விளையாட்டு என்ன?

ஆட்டக்காரர் செல் என்ற பெண்ணின் கண்வழியே காட்சிகளைக் காண்கிறார். அவர் கையிலுள்ள கருவி குண்டுகளைச் சுடுவதில்லை. சுவர்களில் நீலம், ஆரஞ்சு என இரு வாயில்களைத் திறக்கிறது. ஒன்றில் நுழைபவர் மற்றொன்றின் வழியே வெளிவருவார். உயரத்திலிருந்து குதித்து ஒரு வாயிலில் நுழைந்தால், அதே வேகத்துடன் மறுபுறம் பாயலாம். இந்த ஒற்றை விதியைக் கொண்டே ஆய்வுக்கூடத்தின் புதிர்களை விடுவித்துத் தப்பிக்க வேண்டும்.

மாணவர்களின் பங்கு

அமெரிக்காவின் டிஜிபென் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய ‘நார்பாகுலர் டிராப்’ என்ற விளையாட்டைக் கண்ட வால்வ், அக்குழுவினரைப் பணியில் அமர்த்தியது. அதன் பயனாக 2007-இல் ‘போர்ட்டல்’ வெளியானது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அச்சிறு படைப்பு எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது.

இரண்டாம் பாகத்துக்காக, வாயில்களே இல்லாத புதிய யோசனை ஒன்றை வால்வ் முதலில் சோதித்துப் பார்த்தது. சோதனை ஆட்டக்காரர்கள் அதை ஏற்காததால் பழைய விதிக்கே திரும்பியது. அதே கல்லூரியின் மற்றொரு மாணவர் குழு படைத்த ‘டேக்: தி பவர் ஆஃப் பெயின்ட்’ விளையாட்டிலிருந்து, துள்ளச் செய்யும் வண்ணக்குழம்பும் விரைந்தோடச் செய்யும் வண்ணக்குழம்பும் சேர்க்கப்பட்டன. அக்குழுவினரும் பணியில் அமர்த்தப்பட்டனர்.

விமர்சகர்கள் பாராட்டியது ஏன்?

கடினமான புதிர்களையும் தனி விளக்கவுரையின்றி, படிப்படியாகக் கற்பிக்கும் வடிவமைப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. குத்தலாகப் பேசும் கிளாடோஸ் என்ற இயந்திரத்துக்கு எலன் மெக்லெய்ன் மீண்டும் குரல் கொடுத்தார். புதிய பாத்திரங்களான வீட்லிக்கு ஸ்டீபன் மெர்ச்சண்ட்டும், கேவ் ஜான்சனுக்கு ஜே.கே. சிம்மன்ஸும் குரல் தந்தனர். நகைச்சுவையும் கதையும் புதிர்களோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். இருவர் சேர்ந்து விளையாடுவதற்கெனத் தனிக்கதை அமைத்ததும் வரவேற்கப்பட்டது.

குறைகளும் சொல்லப்பட்டன. ஒரு கட்டத்திலிருந்து மறுகட்டத்துக்குச் செல்லக் காத்திருக்க வேண்டியிருப்பதைச் சிலர் சுட்டினர். ஆட்டம் குறுகியது என்றும், வெளியான நாளிலேயே அலங்காரப் பொருள்களுக்குத் தனிக்கட்டணம் கேட்கப்பட்டது என்றும் பயனர்களில் ஒரு பிரிவினர் கண்டித்தனர். எனினும், 2012-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த விளையாட்டு, வடிவமைப்பு, கதை ஆகிய மூன்றையும் இது வென்றது. அதே ஆண்டில், இயற்பியல் பாடம் நடத்த ஆசிரியர்கள் பயன்படுத்தும் வகையில் பள்ளிகளுக்கான இலவசத் திட்டத்தையும் வால்வ் அறிமுகப்படுத்தியது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

அனிமேஷன், கேமிங் துறைகளுக்கான தேசிய உயர்திறன் மையத்தை மும்பையில் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 மே மாதம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் நடைபெற்ற ‘வேவ்ஸ்’ மாநாட்டிலும் இத்துறை முக்கிய இடம்பெற்றது. பயிற்சி நிலையங்கள் பெருகிவரும் இவ்வேளையில், ‘போர்ட்டல் 2’ பெற்ற பாராட்டு ஒரு கேள்வியை முன்வைக்கிறது. மாணவரின் செயல்திட்டம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடாமல், அதைத் தேடிவந்து வாய்ப்பளிக்கும் நிறுவனங்கள் இங்கும் உருவாகுமா என்பதே அது. திறமையைக் கண்டெடுத்த அந்த முடிவு இல்லையேல், இந்த விளையாட்டு கல்லூரிச் சுவர்களைத் தாண்டியிருக்காது.